முகம் பதிந்தால் போதுமா?

திறமை மிக்க கலைஞர் அனைவரும் புகழ் பெறுவதில்லை. இஃது உலகறிந்த உண்மை. ஊர் அறியாத இசைக்கலைஞர் ஒருவர் நமக்கு நண்பராக வாய்த்துவிட்டால், அவருக்கு நாம் செய்யத்தக்கது யாது? மேடை அமைத்துத் தரும் செல்வமோ, விருது வாங்கித் தரும் செல்வாக்கோ நம்மிடம் இல்லை. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம்மனோர்க்கு இயன்றது, கையிலிருக்கும் கருவியால் அவரைப் படம் பிடித்து வைப்பதே. எளிய செயல்தான். ஆயினும் அதனுள் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. அந்தப் படம் யாருக்காக?

படமின்றி வாழ்ந்தோர்

புகைப்படக் கலை பாரிஸ் நகரில் 1839-ஆம் ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சியாமா சாஸ்திரி 1827-லும், முத்துசுவாமி தீட்சிதர் 1835-லும் மறைந்துவிட்டனர். தியாகராசர் 1847 வரை வாழ்ந்தும் அவருக்குப் புகைப்படம் இல்லை. இன்று நம் இல்லச் சுவர்களில் விளங்கும் மும்மூர்த்திகளின் உருவங்கள் ஓவியர்தம் கற்பனையில் எழுந்தவை. பாடகரும் ஓவியருமான எஸ். ராஜம் (1919–2010) தீட்டியவை அவற்றுள் பெரிதும் பரவியவை. உண்மை முகம் தெரியாததால் அம்மூவர்க்கும் குறைவொன்றும் நேரவில்லை. அவர்தம் கீர்த்தனைகள் சீடர் வழியே வாழ்கின்றன.

ஆனால், பாடல் இயற்றாதவர், சீடர் வாய்க்காதவர், இசைத்தட்டு வெளியிடாதவர் நிலை என்ன? அவர் வாசித்த தோடி, வாசித்து முடித்த கணத்திலேயே காற்றோடு கலந்துவிடுகிறது. மும்மூர்த்திகளுக்குப் படம் வேண்டியதில்லை; இவருக்கு வேண்டும்.

பெயர் எழுதிய கணக்கர்

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவியின் அரங்கேற்றத்திற்குத் துணை நின்ற ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோர் எத்தகைய தேர்ச்சியுடையோர் என்பதை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். அவர்தம் பெயர்களை நாம் அறியோம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் (985–1014) கல்வெட்டோ, ஆடல் மகளிர் 400 பேரையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. எவ்வூர்த் தளியிலிருந்து வந்தவர், தளிச்சேரியில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பனவும் அதில் உண்டு. நட்டுவம் செய்தோர், பாடியோர், கொட்டியோர் ஆகியோரின் பெயரும் பங்கும் உடன் வருகின்றன. காப்பியம் கலையின் இலக்கணத்தைக் காத்தது. கோயில் கணக்கு ஆளைக் காத்தது. கோப்புகளிடையே காலம் கழிக்கும் நமக்கு இதில் சிறிது பெருமையும் உண்டு. நம் பணிப்பதிவேட்டில் ஒட்டிய படங்கூடப் பெயரும் சான்றொப்பமும் இன்றேல் செல்லாதன்றோ?

கடல் கடந்தும் ஒரு சான்று காணலாம். அமெரிக்க நாட்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஜாஸ் இசைக்கு வழி வகுத்தோருள் ஒருவர் பட்டி போல்டன் (1877–1931). கார்னெட் என்னும் ஊதுகருவியில் வல்லவர். 1907-இல் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, எஞ்சிய நாளெல்லாம் அங்கேயே கழித்தார். அவருடைய ஒலிப்பதிவு ஒன்றுகூட இன்று இல்லை. குழுவினர் அறுவர் இடம்பெற்ற ஒரே ஒரு படம் எஞ்சியது. அதைப் பாதுகாத்து வைத்திருந்தவர், அக்குழுவிலேயே டிராம்போன் வாசித்த வில்லி கார்னிஷ். வரலாறு அந்த முகத்தைக் கண்டது ஒரு நண்பரின் கையிலிருந்துதான்.

நம் பெங்களூரில் வயலின் மேதை மைசூர் டி. சௌடையாவுக்கு (1895–1967) வயலின் வடிவிலேயே ஒரு மண்டபம் எழுந்து நிற்கிறது. அது தகும். அதே ஊரில் நடக்கும் நம் இல்லத் திருமணங்களையும் சற்று எண்ணிப் பாருங்கள். மணமக்களைப் படம் பிடிப்பவர் இடம் போதவில்லை என்று நாகசுரக் கலைஞரை ஓரமாக நகரச் சொல்கிறார். தாலி கட்டும் வேளையில் கெட்டிமேளம் சற்றுத் தாமதித்தால் பதறிப்போகும் நாம், ஆல்பம் முழுவதும் புரட்டியும் அந்த மேளத்தாரின் முகம் காணப்படாதது பற்றி ஒரு நாளும் வருந்தியதில்லை.

யார் விரும்பும் படம்?

அல்சூர்ப் பக்கம் வாழும் நாகசுரக் கலைஞர் ஒருவர் நமக்கு நண்பர். கோயில் உற்சவங்களும் திருமணங்களுமே அவருடைய அரங்குகள். அவரைப் படம் பிடிக்க விரும்பியபோது, பெட்டியிலிருந்த பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து அணிந்து, திருநீறு துலங்க, நாகசுரத்தைச் செங்கோல்போல் நிமிர்த்திப் பிடித்து அமர்ந்தார். "தவில்காரரும் வரட்டும் சார், அவர் இல்லாமல் எனக்கு ஏது கச்சேரி?" என்றார். நம் கண்ணோ, ஒழுகும் ஓட்டின்கீழ்த் தேய்ந்த பாயில் அமர்ந்து சீவாளியைச் சீர்செய்யும் அவர் கோலத்தையே நாடியது. இவற்றுள் எது உண்மைப் படம்?

தேய்ந்த பாயைக் காட்டும் படத்தைக் காட்சிக்கு வைத்தால், பாராட்டு படம் எடுத்தவருக்குச் சேரும். கலைஞருக்குக் கிட்டுவது இரக்கமே. அவர் பட்டு உடுத்தது பொய்ம்மையன்று. தம் கலைக்கு உரிய மதிப்பை அவர் கேட்ட முறை அது. அதே வேளையில், ஒரு வித்துவானின் வாழ்நாள் உழைப்பு சீவாளியைச் சீர்செய்யும் விரல்களிலும், சுருதி சேரும்போது மூடிக்கொள்ளும் கண்களிலும் எழுதப்பட்டிருக்கிறது என்பதும் மெய்யே. ஆகவே இரண்டையும் எடுக்கலாம். எதை ஊரார் காணலாம் என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் அவருடையது.

மறுப்பதற்கும் அவ்வுரிமையில் இடம் உண்டு. அலாவுதீன் கானின் மகளாரும் சுர்பகார்க் கலைஞருமான அன்னபூர்ணா தேவி (1927–2018) மேடையைத் துறந்து, மும்பை இல்லத்தில் மாணவர்க்குக் கற்பிப்பதோடு அமைந்தார். 1977-இல் பத்மபூஷண் விருது வந்தபின்னும் விளம்பரத்தை அவர் நாடவில்லை. அவர் இசையைக் கேளாதது நமக்கு இழப்பு. ஆயினும் அந்த மௌனம் அவருடைய உடைமை. நண்பர் என்னும் உரிமையால் ஒருவர் அறியாமல் எடுக்கும் படம் களவே ஆகும்.

"அடக்கத்தால் மறுப்பவரை அப்படியே விட்டுவிட்டால் வருங்காலம் அவரை இழந்துவிடாதா?" என்று வினவலாம். நல்ல வினாவே. வெளிச்சம் வேண்டாம் என்று மறுப்பவர் வேறு, "எனக்கு எதற்குப் படம்?" என்று தம்மைத் தாழ்த்திக்கொண்டு மறுப்பவர் வேறு. முன்னவரின் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும். பின்னவருக்கு நாம் ஒரு விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். அந்த விடை, எதிரில் அமர்ந்து அவர் வாசிப்பை முழுவதும் கேட்பதுதான். கேட்டபின் மீண்டும் கேட்டுப் பார்க்கலாம்.

நாம் செய்யத்தக்கது

ஊரைவிட்டு வந்த குடும்பங்கள் நம்முடையவை. பெட்டியடியில் கிடக்கும் பழைய படங்களைக் காட்டி, "இவர் யார்?" என்று குழந்தைகள் கேட்கும்போது விடை கூற ஆளில்லாத துயரத்தை நாம் அறிவோம். நம் கலைஞர்க்கும் அக்கதி நேரலாகாது. அவர் வாசிக்கையில் மின்னொளி வீசிக் கவனத்தைக் கலைக்காதிருப்போம். உடன் வாசிப்போரையும் படத்தில் சேர்ப்போம். பெயர், ஊர், கருவி, குருநாதர், நாள் ஆகியவற்றைப் படத்தின் பின்புறம் எழுதுவோம். ஒரு படியை அவர் இல்லத்தில் சேர்ப்போம். அவர் இசைந்தால், அதே கைப்பேசியில் அரை மணி நேர வாசிப்பையும் பதிவு செய்வோம். படம் பிடித்த அன்றே நாம் அவருக்குச் சாட்சியாகிவிடுகிறோம். யாரென்று கேட்கும்போது பெயர் சொல்வதே சாட்சியின் கடமை.