இசைவகை: இருப்பதா, இடப்படுவதா?

வெகுசன இசையின் புதுப் போக்குகளைப் பதிவு செய்பவர் முதலில் செய்யும் வேலை பெயரிடுதல். ராப், கன்ட்ரி, ஹைப்பர்பாப் என்று பெயர் வைத்த பிறகே எந்தப் பாட்டு எந்த வகை, எது வளர்கிறது, எது தேய்கிறது என்று பேச முடிகிறது. அந்தப் பெயர், உலகில் முன்பே இருக்கும் ஒரு வகையைச் சுட்டுகிறதா, அல்லது பெயர் சூட்டியதால்தான் வகை உண்டாகிறதா என்பது தத்துவக் கேள்வி.

இந்தியத் தருக்க மரபு இதைப் பல நூற்றாண்டுகள் விவாதித்தது. பல பசுக்களையும் 'பசு' என்று அறியவைக்கும் பொதுத்தன்மை, பசுக்களிலேயே உண்மையாக உறைகிறது என்றது நியாயம் என்னும் தருக்கப் பள்ளி. அதற்கு 'ஜாதி' என்று பெயர். காஞ்சியை அடுத்த ஊரில் பிறந்தவர் என்று மரபு கூறும் பௌத்தர் திக்நாகர் இதை மறுத்தார். பசு அல்லாதவற்றை விலக்குவதே 'பசு' என்னும் சொல்லின் வேலை. அதற்கு மேல் பொதுப்பொருள் ஒன்றும் வெளியே இல்லை என்பது அவரது அபோகக் கொள்கை.

அமெரிக்க இசைத்தட்டு வணிகத்தின் வரலாறு முதல் பார்வைக்குத் திக்நாகர் பக்கமே சாய்கிறது. 1920இல் ஓகே நிறுவனம் வெளியிட்ட கறுப்பினப் பாடகி மேமி ஸ்மித்தின் புளூஸ் தட்டு நன்றாக விற்றது. அதன்பின் நிறுவனங்கள் கறுப்பர் வாங்குவதற்கென்று 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' பட்டியலையும், தென்மாநில வெள்ளையருக்கென்று 'ஹில்பில்லி' பட்டியலையும் தனித்தனியே போட்டன. பாடகர்களோ அந்த வேலியை மதிக்கவில்லை. வெள்ளையரான ஜிம்மி ராஜர்ஸ் புளூஸ் பாடிப் புகழ்பெற்றார். 1930இல் அவரது ஒரு பதிவுக்கு டிரம்பெட் வாசித்தவர் கறுப்பரான லூயி ஆம்ஸ்ட்ராங். 1949இல் பில்போர்டு என்னும் இசை வணிக இதழ் தன் பட்டியல்களில் முதல் வகையை 'ரிதம் அண்ட் புளூஸ்' என்றும், மற்றதை 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்றும் பெயர் மாற்றியது. வேலி அதே இடத்தில் நின்றது. அது ஒலியைப் பிரித்ததைவிட, வாங்குபவரின் நிறத்தைப் பிரித்ததே அதிகம்.

ஆனால் எல்லாம் பெயர்தான் என்று முடித்துவிடவும் முடியாது. 1963 நவம்பரில் பில்போர்டு தன் ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலை நிறுத்திவிட்டு, 1965 ஜனவரியில் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட மாதங்களில் அந்த இசையைப் பாடுவதும் கேட்பதும் ஆடுவதும் நிற்கவில்லை. 1991இலும் இதே பாடம் கிடைத்தது. அதுவரை கடைக்காரர்கள் சொன்னதை வைத்துத் தயாரான இசைத்தொகுப்புப் பட்டியல், அந்த ஆண்டு மே மாதம் முதல் சவுண்ட்ஸ்கேன் என்னும் பட்டைக்குறி விற்பனைக் கணக்குக்கு மாறியது. சில வாரங்களிலேயே என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் தொகுப்பு முதலிடம் பிடித்தது. செப்டம்பரில் கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸின் தொகுப்பு நேராக முதலிடத்தில் நுழைந்தது. ராப்பும் கன்ட்ரியும் திடீரென்று வளர்ந்ததுபோல் தெரிந்தது. உண்மையில் மாறியது அளவுகோல். கேட்போர் முன்பே இருந்தார்கள்.

அப்படியானால் இசைவகை ஜாதியா? நியாய மரபே அதைத் தடுக்கிறது. ஒரு பொதுத்தன்மையை ஜாதி என்று ஏற்பதற்கு ஆறு தடைகளை நியாய அறிஞர் உதயனர் வகுத்தார். அவற்றில் ஒன்று சங்கரம்: இரண்டு தன்மைகள் சில பொருள்களில் சேர்ந்தும், வேறு சிலவற்றில் ஒன்றை விட்டு ஒன்று தனித்தும் இருந்தால், அவை ஜாதி ஆகா. லில் நாஸ் எக்ஸ் 2018 டிசம்பரில் வெளியிட்ட 'ஓல்டு டவுன் ரோடு' இதற்குக் கச்சிதமான சான்று. அதில் ராப்பும் உண்டு, கன்ட்ரியும் உண்டு. இன்றைய கன்ட்ரியின் கூறுகள் அதில் போதிய அளவு இல்லை என்று 2019இல் பில்போர்டு அதைக் கன்ட்ரி பட்டியலிலிருந்து நீக்கியது. பிறகு கன்ட்ரி பாடகர் பில்லி ரே சைரஸ் சேர்ந்து பாடிய வடிவத்தின் துணையோடு, அது பொதுப் பட்டியலில் தொடர்ந்து 19 வாரம் முதலிடத்தில் நின்றது. ஜாதி என்றால் இப்படிக் குறுக்கே வெட்டிக்கொள்ளாது. வெறும் பெயர் என்றால் அந்த நீக்கம் யாரையும் சினங்கொள்ளச் செய்திருக்காது.

வழி நியாய மரபுக்குள்ளேயே இருக்கிறது. ஜாதி ஆகாத பொதுத்தன்மைகளை அது 'உபாதி' என்கிறது. சமையற்காரராயிருத்தல் ஓர் உபாதி: அது பிறவிக் குணம் அல்ல, சமைக்கும் தொழிலோடு உள்ள தொடர்பால் வருவது. அதற்காக அது பொய்யும் அல்ல. இசைவகையும் இப்படிப்பட்டதே. தாளம், கருவி, பாடுபவர், கேட்பவர், கடை, பட்டியல் எனப் பல தொடர்புகள் கூடும்போது அது உண்மையாகிறது. அவை கலையும்போது மறைகிறது.

அந்தத் தொடர்புகளில் ஒன்று, போக்குகளைப் பதிவு செய்யும் வேலையே. கனடியத் தத்துவ அறிஞர் இயன் ஹேக்கிங் காட்டியபடி, மனிதரை வகைப்படுத்தினால் வகைக்கு உட்பட்டவர்கள் அந்த வகைக்கேற்பவோ அதற்கு எதிராகவோ மாறுகிறார்கள். அதனால் வகையும் மாறுகிறது. ஸ்பாட்டிஃபை 2019இல் ஹைப்பர்பாப் என்ற பெயரில் ஒரு பாடல்வரிசையைத் தொடங்கியபின் அச்சொல் பரவியது. அதில் சேர்க்கப்பட்ட கலைஞர் சிலர் அப்பெயரை ஏற்கவில்லை. ஆனால் கேட்போர் அதைச் சொல்லித் தேடினார்கள். அதே நிறுவனத்தில் பணியாற்றிய கிளென் மெக்டொனால்டு 'எவ்ரி நாய்ஸ் அட் ஒன்ஸ்' என்ற வரைபடத்தில் 6,000க்கும் மேற்பட்ட வகைகளை இட்டார். கணினி கண்ட சில பாடல் கொத்துகளுக்கு முன்பு பெயரே இல்லை. பெயரை அவரே வைத்தார். அங்கே வரைபடம் தயாரித்தவரே ஊருக்குப் பெயரும் இட்டவர்.

ஒரே பாடல்களை நோக்கத்துக்கேற்ப வெவ்வேறாக அடுக்குவது தமிழுக்கும் பழக்கமானது. தேவாரத்துக்குப் பண்முறைப் பதிப்பும் உண்டு, தலமுறைப் பதிப்பும் உண்டு. இரண்டும் சரியே, எந்த முறை என்பதை நூலே சொல்லிவிடுவதால் குழப்பம் இல்லை.

இசைப்போக்குகளைப் பதிவு செய்பவருக்கும் இந்தக் கடமை உண்டு. ஒரு வகையின் ஒலிக்கூறுகளைச் சொன்னால் மட்டும் போதாது. பெயரை யார், எப்போது, எந்தத் தேவைக்கு வைத்தார்கள், அதனால் யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இவற்றை விட்டுவிடும் பதிவு, கடைக்காரரின் அலமாரியை இசையின் இயல்பு என்று தவறாகக் காட்டிவிடும்.