விதியைச் சொல்லும் நேரம்

"அதுக்கு ஆயுசு அவ்வளவுதானுங்க சிஸ்டர்." கொங்குப் பக்கத்தில் குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த எந்தச் செவிலியருக்கும் இந்த வாக்கியம் புதிதில்லை. பெரும்பாலும் பாட்டிகள்தாம் சொல்வார்கள். இடிந்துபோய் உட்கார்ந்திருக்கும் மகளிடம் "நீ ஒண்ணும் தப்புப் பண்ணலை அம்மணி" என்று சொல்ல வேறு வழி தெரியாமல், பழியை விதியின் மேல் இறக்கி வைப்பார்கள். அந்தக் கருணையை நான் மதிக்கிறேன். பணியில் இருந்த காலத்தில் அதை ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

அதே வாக்கியத்தை, குழந்தை மூச்சுக்குத் திணறும்போதே வீட்டு வாசலில் சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நான் சிவனை நம்பி வாழ்கிறவள், ஊழை மறுப்பவள் அல்லள். என்னை நெடுங்காலமாக உறுத்தும் கேள்வி ஒன்றுதான்: விதி என்று சொல்லும் உரிமை நமக்கு எப்போது வருகிறது?

பத்து மாதக் குழந்தை ஒன்று, அக்கா தின்றுகொண்டிருந்த நிலக்கடலையில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. கொஞ்சம் இருமியது, பிறகு இருமலும் நின்றது. வாய் திறந்து அழுதது, சத்தம் வரவில்லை. உதடு நீலம் பாரித்தது. வீடு நிறைய ஆட்கள். சித்தப்பா உச்சந்தலையில் தட்டினார். அத்தை தண்ணீர் புகட்டினார். கண்ணுக்குத் தெரியாத கடலையைத் தேடி அப்பா தொண்டைக்குள் விரலை விட்டார். அது இன்னும் உள்ளே போனது. பாட்டி மஞ்சள் துணியில் காசு முடிந்து பழனிக்கு வேண்டிக்கொண்டார். பிறகுதான் பைக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கள் கைக்கு வந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அந்த வீட்டில் அன்புக்கும் பக்திக்கும் குறைவில்லை. கையிலும் குறையில்லை, எத்தனையோ கைகள் இருந்தன. என்ன செய்யவேண்டும் என்று தெரிந்த கை ஒன்றுகூட இல்லை.

பெரியவர்களுக்குப் பல நேரம் இதயம் முதலில் நிற்கும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூச்சுதான் முதலில் தடைப்படும். பிறகு ஆக்சிஜன் இல்லாமல் இதயம் சோர்ந்து நின்றுபோகும். மூச்சில்லாமல் மூளை தாங்குவது நாலைந்து நிமிடம். 108 வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நிமிடங்கள் அதற்குள் கடந்துவிடும். அந்த நேரத்தில் குழந்தையின் பக்கத்தில் இருப்பவர் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, அல்லது பக்கத்து வீட்டுக்காரர். அங்கே அவரைக் கொண்டு நிறுத்தியது கடவுள் என்று நம்பினால், எதற்காக நிறுத்தினார் என்றும் கேட்கத்தானே வேண்டும்?

கொங்கு ஏழு தலங்களில் ஒன்றான அவிநாசிக்குப் போகிறவர்கள் எல்லோரும் முதலையுண்ட பிள்ளையின் கதையைக் கேட்டிருப்பார்கள். எதிரெதிர் வீடுகள். ஒன்றில் பூணூல் கல்யாண மேளம், மற்றதில் அழுகை. சேர்ந்து குளிக்கப் போன இரண்டு சிறுவர்களில் ஒருவன் மீண்டான், மற்றவனை முதலை விழுங்கியது. அது நடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. சுந்தரர் வந்திருக்கிறார் என்று கேட்டதும் பிள்ளையை இழந்த பெற்றோர் துக்கத்தை மறைத்துக்கொண்டு வந்து வணங்குகிறார்கள். அது முடிந்துபோன கதை என்றுகூடச் சொல்கிறார்கள். சுந்தரர் அதை முடிந்த கதையாக எடுத்துக்கொள்ளவில்லை. குளம் எங்கே என்று கேட்டுப் போனார்.

திங்களூரிலும் அப்படித்தான். நாவுக்கரசருக்கு அமுது படைக்க வாழையிலை அரியப் போன பிள்ளையைப் பாம்பு தீண்டியது. அடியாரின் விருந்து தடைப்படக் கூடாதென்று அப்பூதி அடிகளும் மனைவியும் உடலை மறைத்து வைத்தார்கள். உண்மை தெரிந்ததும் நாவுக்கரசர் உண்ண உட்காரவில்லை. பிள்ளையைக் கோயிலுக்கு எடுத்துவரச் செய்தார்.

அவையெல்லாம் அருளாளர்கள் பதிகம் பாடிச் செய்த அற்புதங்கள், நம்மால் ஆகுமா என்று கேட்பீர்கள். ஆகாது. அந்த அடியார்களின் ஆற்றல் நமக்கு இல்லை, ஆனால் அவர்கள் மனம் நமக்கு எட்டாததா? பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் முன் நின்று "உங்கள் கர்மம்" என்று எந்த நாயனாரும் சொல்லவில்லை. என்னோடு வேலை பார்த்த கிறிஸ்தவச் சகோதரி, பழைய ஏற்பாட்டில் எலிசா தீர்க்கதரிசி சூனேம் ஊர்க்காரியின் இறந்த மகன்மேல் படுத்து, அவன் வாயோடு தன் வாயை வைத்த கதையைச் சொல்வார். ஒரே உயிரைக் காப்பாற்றினாலும் மனிதகுலம் முழுவதையும் காப்பாற்றியதற்குச் சமம் என்பது குர்ஆனின் போதனை. எந்தப் பக்கம் போய்க் கேட்டாலும், கை கட்டி நிற்பதைப் பக்தி என்று யாரும் சொல்லித்தரவில்லை.

வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கினார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். முந்தையது 38ஆவது, பிந்தையது 62ஆவது. ஊழின் பெருவலியை அவ்வளவு அழுத்தமாகச் சொன்னவர், சலியாமல் முயல்கிறவர் அதையும் பின்வாங்கச் செய்வார் என்று பிறகு சொல்கிறார். இது முரண் என்பார்கள். மருத்துவமனையில் நின்று படித்தால் முரணாகத் தெரியாது. முயற்சி முடியும் இடத்தில்தான் ஊழ் எது என்று நமக்குத் தெரியவரும். அதற்கு முன் நாம் விதி என்று சொல்வதெல்லாம் நம் அறியாமைக்கு வைத்த மரியாதையான பெயர்.

இன்னொரு தயக்கமும் உண்டு. மூச்சு ஆண்டவன் கொடுத்தது. அவன் எடுத்துக்கொண்டதைத் திரும்ப ஊத நாம் யார்? இதற்கு நம் உடம்பே பதில் வைத்திருக்கிறது. நாம் உள்ளிழுக்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். வெளிவிடும் காற்றிலும் ஏறக்குறைய 16 சதவீதம் மிஞ்சுகிறது. மூச்சு நின்ற ஒருவரைக் காக்க அந்த மிச்சம் போதும் என்று 1950களில் ஜேம்ஸ் ஏலம், பீட்டர் சாஃபர் ஆகிய மருத்துவர்கள் காட்டினார்கள். மார்பை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கலாம் என்று 1960இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கூவன்ஹோவன் குழுவினர் எழுதினார்கள். நாம் வேண்டாமென்று விடும் மூச்சில் இன்னோர் உயிருக்கானது மிச்சமிருக்கும்படி நம்மைப் படைத்தவன், அதை நாம் கொடுக்கக் கூடாது என்று நினைத்திருப்பானா?

ஆகவே கற்றுக்கொள்ளுங்கள். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தொண்டை அடைத்து, இருமவோ அழவோ முடியவில்லை என்றால், முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கத் தாங்கிக்கொண்டு, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. வெளியே வராவிட்டால் மல்லாத்தி, மார்பின் நடுவே ஐந்து அழுத்து. மாற்றி மாற்றிச் செய்யவேண்டும். வயிற்றை அழுத்தக் கூடாது, கண்ணில் படாத பொருளை விரலால் துழாவக் கூடாது. உள்ளங்காலைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால், போனை ஸ்பீக்கரில் போட்டு 108ஐ அழைத்துக்கொண்டே தொடங்கவேண்டும். கெட்டியான தரையில் கிடத்தி, மார்பை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து, காம்புகளுக்கு நடுவே சற்றுக் கீழே இரண்டு பெருவிரல்களால் ஏறக்குறைய 4 செ.மீ. ஆழத்துக்கு அழுத்தவேண்டும். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தம். பிறகு குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, மார்பு எழும் அளவுக்கு மட்டும் இரண்டு ஊதல். உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது.

படித்தால் மட்டும் இது கைக்கு வராது. பொம்மையை வைத்துப் பழகவேண்டும். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. கூடவே சிலவற்றைக் கைவிடவும் கற்கவேண்டும். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி வேண்டாம், ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். தீக்காயத்துக்கு மாவும் பற்பசையும் வேண்டாம், 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மண்ணெண்ணெய் குடித்த குழந்தையை வாந்தி எடுக்கவைக்காதீர்கள்.

கர்ப்பிணிகளிடம் இதைப் பேசினால் கூட இருக்கும் மாமியார் "நல்ல நேரத்துல எதுக்குங்க இந்தப் பேச்சு" என்று முகம் சுளிப்பார். வாய் மொழிந்தால் நடந்துவிடும் என்ற பயம் அவருக்கு. அவரிடம் நான் சொல்வது: குழந்தைக்குக் கறுப்புப் பொட்டு வைப்பது கெடுதலை அழைப்பதற்கா, தடுப்பதற்கா?

இதையெல்லாம் கற்றுச் செய்தாலும் எல்லாக் குழந்தையும் பிழைத்துவிடாது. அதை மறைத்துப் பேசுவது பாவம். தெரிந்ததையெல்லாம் செய்து, வண்டி வரும்வரை கை ஓயாமல் அழுத்தி, அப்படியும் பறிகொடுத்த ஒரு தாயை எனக்குத் தெரியும். அவரிடம் போய் "ஆயுசு அவ்வளவுதான் அம்மணி" என்று சொன்னபோதுதான் அந்த வாக்கியம் உண்மையாக இருந்தது. அவரும் அதை ஏற்றுக்கொண்டார். விதி ஆறுதலாக வேண்டுமென்றால், அதற்கு முன் கை தன் வேலையைச் செய்து முடித்திருக்கவேண்டும்.

நம் அரசு சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. வளையலும் சந்தனமும் கலவைச் சாதமும் தருகிறார்கள். அதே பந்தலில் ஒரு பொம்மையை வைத்து, கர்ப்பிணிக்கும் அவர் கணவருக்கும் மாமியாருக்கும் அரை மணி நேரம் இதைச் சொல்லித்தர வேண்டும் என்று கேட்கிறேன். கோயில் மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் பள்ளிவாசல்களிலும் இதற்கு இடம் கொடுங்கள். பேரன் பேத்தியை வளர்க்கும் தாத்தா பாட்டிகளே, நீங்கள் முதலில் வாருங்கள். வேண்டுதலை விட்டுவிடச் சொல்லவில்லை. கை வேலை செய்யட்டும், வாய் வேண்டிக்கொள்ளட்டும்.