நூலக வாயிலில் ஒரு கையெழுத்து

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாஸ்திர தானத்தை நம்மவர் மிக எளிதாகச் செய்து முடித்துவிடுகின்றனர். மறைந்த பெரியவர் நினைவாக ஒரு தோத்திரப் புத்தகத்தை அச்சிட்டு, நிகழ்ச்சிக்கு வந்தோர்க்கெல்லாம் ஆளுக்கொன்று வழங்கிவிட்டால் கடமை நிறைவேறியதாகக் கருதுகிறோம். அப்புத்தகம் பெரும்பாலும் ஏற்கெனவே அதனை வைத்திருப்போர் கைக்கே போய்ச் சேருகிறது. நூல் இல்லாதவர் யார், அவருக்கு அது கிடைக்காமல் தடுப்பது எது என்ற கேள்விகளை நாம் கேட்பது அரிது.

அக்கேள்விகளைச் சிறுவர் பொருட்டு இங்கே கேட்க விரும்புகிறேன். ஊரிலுள்ள பொது நூலகத்தில் ஒரு சிறுவனோ சிறுமியோ எத்தனை வயதில் நூல் எடுக்கலாம்? அதற்குத் தாய் தந்தையர் இசைவு வேண்டுமா? வேண்டுமெனில், அந்த இசைவு எதற்கு? நூலகத் துறையின் விதி பற்றிய செய்தி என்று இதனைத் தள்ளிவிடலாம்; ஆயினும் நம் ஆகமம் இதனை அவ்வளவு எளிதாக விடவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தில், ஞானாவரணீய கருமம் உயிரில் வந்து சேருவதற்குரிய காரணங்களை உமாசுவாமி ஆசாரியர் எண்ணிச் சொல்கிறார். அறிவை வெறுத்தல், அறிந்ததை மறைத்தல், பொறாமையால் கற்பியாதிருத்தல் ஆகியவற்றோடு, பிறர் அறிவு பெறுவதற்கு இடையூறு செய்தலையும் அவர் சேர்த்திருக்கிறார். இடையூறு செய்பவன் தீய எண்ணத்தோடு செய்தானா, விதிப்புத்தகத்தைப் பார்த்துச் செய்தானா என்பது பாவத்தின் அளவை மாற்றலாம். இடையூறு இடையூறே.

முதலில் விதியின் காரணத்தை நேர்மையாகப் பார்ப்போம். உறுப்பினராகி நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்வது ஓர் உடன்படிக்கை. குறித்த நாளில் திருப்பித் தருவேன், தொலைத்தால் விலை தருவேன் என்பது அதன் சாரம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி உரிய வயது வராதவர் ஒப்பந்தம் செய்யும் தகுதியற்றவர். அவ்வாறு செய்தாலும் அது செல்லாது என்று 1903இல் மொஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 1875ஆம் ஆண்டின் சட்டம் அந்த வயதைப் பதினெட்டு என வகுத்தது. ஆகவே காப்புத் தொகையோடு பெற்றோர் கையெழுத்தையும் நூலகர் கேட்பதில் வியப்பில்லை. பொதுச் சொத்தைக் காப்பவர் பிணை கேட்கத்தான் வேண்டும். கோயில் பாத்திரத்தை இரவல் தரும்போது நாமும் பெயர் எழுதி வாங்கிக்கொள்கிறோம் அல்லவா?

ஆனால் அந்த ஒரு கையெழுத்தின் நிழலில் வேறொன்றும் வந்து ஒதுங்கிக்கொள்கிறது. தொலைந்த நூலுக்கு ஈடு செய்வேன் என்பது ஒரு பொருள். என் பிள்ளை படிக்கலாம் என நான் ஒப்புகிறேன் என்பது மற்றொரு பொருள். முன்னது பிணை, பின்னது அனுமதி. காகிதத்தில் இரண்டும் ஒரே கோட்டின்மேல் இடப்படுவதால், காலப்போக்கில் இரண்டும் ஒன்றென எண்ணப்பட்டுவிடுகின்றன. வீட்டுக்கு எடுத்துப்போகப் பிணை இல்லாத குழந்தை, உள்ளே அமர்ந்து படிப்பதற்கும் தகுதியற்றது போல வாயிலிலேயே தயங்கி நின்றுவிடுகிறது. யாரும் துரத்த வேண்டியதில்லை. விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கி வா என்ற ஒரு சொல் போதும்.

அந்தச் சொல் எல்லோர் மேலும் ஒரே பாரமாக விழுவதில்லை. திண்டிவனத்திற்குக் கிழக்கே, பக்கிங்காம் கால்வாய்க்கும் கழுவெளி நீர்ப்பரப்புக்கும் அருகே விரிந்து கிடக்கும் மரக்காணம் உப்பளங்களை நம்மில் பலர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்லும்போது பார்த்திருப்போம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இப்பகுதியே என அறிஞர் கருதுவர். அவ்வளவு பழைய கரை இது. பாத்தியில் உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் காயவைத்து, படிந்த உப்பைப் பலகையால் வாரிக் குவிக்கும் தொழிலாளர், வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க விடியற்காலையிலேயே அளத்துக்குப் போய்விடுகின்றனர். மழைக்காலம் வந்தால் அளத்தில் வேலை இல்லை; கூலி தேடி வேறிடம் செல்ல வேண்டும். அத்தகைய வீட்டில் ஒரு பெண்குழந்தை இருப்பதாக எண்ணிப் பாருங்கள். தந்தை ஊரில் இல்லை. தாய் எழுதப் படிக்க அறியாதவள், அல்லது அறிந்தும் அலுவலகக் காகிதம் என்றால் அஞ்சுபவள். கையெழுத்து வாங்கி வா என்னும் சொல் நம் வீட்டுப் பிள்ளைக்குப் பேனா எடுக்கும் வேலை. அந்தப் பெண்ணுக்கோ அது ஒரு மதில்.

நோன்பு நாள்களில் ரசத் தியாகம் கொண்டு உப்பை விலக்குகிறோம். ஏனைய நாள்களில் அந்த உப்பை வாரியவர் யார் என்று நினைப்பதில்லை. இது இங்கே இடைச்செருகல்தான்; எனினும் சொல்லத் தோன்றியது.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில்தான் 1948இல் நிறைவேறியது. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலம் அது. சட்டத்துக்குப் பின்னால் இருந்த உழைப்பு சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனுடையது. சொத்துவரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியைக் கொண்டு நூலகங்கள் நடைபெற அச்சட்டம் வழிசெய்தது. குடிசைக்கு வரி கட்டுபவனும் அந்த நூலகத்தின் பங்காளியே. நூல் வேண்டும் எவர்க்கும் அவர்க்குரிய நூல் கிட்ட வேண்டும் என 1931இலேயே தம் ஐந்து விதிகளுள் ஒன்றாக ரங்கநாதன் வகுத்தார். அதில் வயதைக் குறித்து ஒரு விலக்கும் இல்லை.

இனி நம் மரபு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். குந்தகுந்த ஆசாரியரின் முற்பிறவி பற்றி ஒரு கதை உண்டு. பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார், 1920இல் வெளிவந்த தம் பஞ்சாஸ்திகாய ஆங்கில மொழிபெயர்ப்பின் முன்னுரையில் அதனை எடுத்துரைத்துள்ளார். ஒரு வணிகன் வீட்டில் மதிவரன் என்னும் சிறுவன் மாடு மேய்த்துவந்தான். ஒருநாள் காடு முழுவதும் தீப்பற்றி எரிந்திருக்க, நடுவே சில மரங்கள் மட்டும் பசுமை மாறாமல் நின்றன. அருகே சென்று பார்த்தபோது அங்கே ஒரு முனிவர் தங்கியிருந்த இடமும், ஆகம நூல்கள் அடங்கிய பெட்டியும் இருந்தன. அவனுக்கு எழுத்தறிவு இல்லை. ஆயினும் காடு எரிந்தும் அவ்விடம் எரியாதிருந்தது நூலின் மகிமையால் என்று எண்ணி, வீட்டுக்குக் கொண்டுவந்து தூய இடத்தில் வைத்து வணங்கினான். பின்னர் அவ்வில்லத்திற்கு உணவேற்க வந்த முனிவர்க்கு அவற்றைத் தானமாக அளித்தான். அந்தப் புண்ணியத்தால் அவ்வணிகனுக்கே மகனாகப் பிறந்து குந்தகுந்தர் ஆனான் என்பது கதை.

பொன்னூர் மலையில் ஆசாரியரின் திருவடிகளை வணங்கி இறங்குவோர் இக்கதையை ஒரு முறை நின்று நினைக்க வேண்டும். நூலை எடுத்தவன் சிறுவன், கூலிக்கு மாடு மேய்ப்பவன், எழுத்தறியாதவன். அவனுடைய தாய் தந்தையர் இசைந்தார்களா என்று கதை பேசவில்லை. இந்நூலைத் தொட உனக்கு என்ன தகுதி என்று கேட்க அங்கே எவரும் இல்லாதது நம் நல்வினை. கேட்டிருந்தால் அவனிடம் விடை இருந்திராது.

இசைவு என்பதே நம் மரபில் இல்லை எனச் சொல்ல வரவில்லை. தெளிவாகவே இருக்கிறது. அதே குந்தகுந்தர் பிரவசனசாரத்தின் மூன்றாம் பகுதியில் துறவு பூணுவோனைப் பற்றிப் பேசும்போது, அவன் சுற்றத்தாரிடம் விடைபெற்று, பெரியோராலும் மனைவி மக்களாலும் விடுவிக்கப்பட்டு, அதன் பின்னரே குருவிடம் செல்ல வேண்டும் என்கிறார். வயதும் இருக்கிறது: எட்டு ஆண்டு நிரம்பிய பின்னரே மானிடன் விரதத்திற்கு உரியவன் என்பது ஆகம வழக்கு. ஆனால் இவை யாவும் விரதம் ஏற்பதற்கு, அதாவது ஒரு கட்டுப்பாட்டுக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பதற்கு உரியவை. அறம் கேட்பதற்கு உரியவை அல்ல. பகவானின் சமவசரணத்தில் பன்னிரு கணங்கள் வீற்றிருக்கின்றன. தேவரும் மனிதரும் மட்டுமல்லர், விலங்குகளும் அங்கே அமர்ந்து திவ்வியத்தொனியைக் கேட்கின்றன. மான்குட்டியிடம் தாய் மானின் ஒப்புதலை எவரும் கேட்டதில்லை. விரதத்திற்கு இசைவு, கேள்விக்குத் திறந்த வாயில் என்று நம் முன்னோர் பிரித்து வைத்ததை, நூலகத்திலும் அப்படியே பிரிக்கலாம். நூலை எடுத்துச் செல்வது ஓர் உறுதிமொழி. அதற்குப் பிணை கேட்கட்டும். உள்ளே அமர்ந்து படிப்பது கேள்வி. அதற்கு எவர் கையெழுத்தும் வேண்டாம்.

இதற்கு நம் வீடுகளிலிருந்தே மறுப்பு எழும் என்பதை அறிவேன். புலால் சமைக்கும் முறை கூறும் நூல், வேட்டையை வீரமென்று புகழும் கதை, காமத்தைத் தூண்டும் நாவல் எல்லாம் அதே அலமாரியில்தானே இருக்கின்றன. பிஞ்சு மனம் எதை எடுக்கும் என்று யார் கண்டார் என்பார்கள். இது வெற்று அச்சம் அன்று. பிள்ளையின் உள்ளத்தில் கொல்லாமையை ஊன்றுவது தாய் தந்தையரின் முதற்கடமை. அதில் தலையிட நூலகத்துக்கோ அரசுக்கோ உரிமை இல்லை. என் மகள் இந்நூலை இப்போது படிக்க வேண்டாம் என்று ஒரு தந்தை அவளிடம் சொல்லலாம். காரணத்தையும் சொல்வாரானால் இன்னும் நன்று. ஆனால் அவர் தம் வீட்டில் சொல்ல வேண்டியதை, ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் பொருந்தும் விதியாக நூலகரைக் கொண்டு சொல்லச் செய்வது வேறு காரியம். நூலகர் எவர்க்கும் தந்தை அல்லர்.

காமம் பற்றிய அச்சத்துக்கு நம் இலக்கியத்திலேயே விடை உண்டு. சீவக சிந்தாமணிக்கு மணநூல் என்றும் பெயர். நம் சமயத்தின் பெருமை என்று நாம் மேடைதோறும் பேசும் காப்பியம் அது. எட்டுத் திருமணங்களைப் பாடுவது. வயதுக் கோட்டை அலமாரிக்கு நடுவே கிழித்தால் அது முதலில் சிந்தாமணியின் மேல்தான் விழும்! அதை இயற்ற விரும்பிய திருத்தக்கதேவரை அவர்தம் ஆசிரியர் எவ்வாறு சோதித்தார் என்பதும் நம் மரபில் வழங்குகிறது. எதிரே ஓடிய நரியைக் காட்டி, இதனைப் பாடு என்றார். அவர் நரிவிருத்தம் பாடினார். யாக்கை நிலையாமையை அவர் உள்ளம் அறிந்திருப்பதைக் கண்ட பின் ஆசிரியர் பெருங்காப்பியத்துக்கு இசைந்தார். அங்கே இசைவு இருந்தது. ஆனால் ஆசிரியர் வயதைக் கேட்கவில்லை. உள்ளத்தின் பக்குவத்தை அருகிருந்து பார்த்தார். அப்படிப் பார்ப்பது வீட்டாரால் இயலும், ஆசிரியரால் இயலும். பிறந்த தேதியைக் கேட்கும் படிவத்தால் இயலாது. இளையோரின் வளர்ந்துவரும் திறனுக்கேற்பவே பெற்றோர் வழிகாட்ட வேண்டும் என 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையும் கூறுகிறது. இந்தியா அதில் 1992இல் இணைந்தது. சிராவகனுக்குப் பதினோரு நிலைகளைப் படிப்படியாக வகுத்த நமக்கு இக்கருத்து புதிதன்று.

மேலை நாட்டிலும் இவ்வாதம் ஓய்ந்தபாடில்லை. பன்னிரண்டு, பதினான்கு வயதுக்குக் குறைந்தோரை நூலகங்கள் விலக்கிவந்ததைக் கண்டித்து, 1876இல் அமெரிக்க அரசு வெளியிட்ட பொது நூலக அறிக்கையிலேயே வில்லியம் பிளெட்சர் என்பவர் எழுதினார். அதன் பின் சிறுவர்க்கெனத் தனி அறைகள் தோன்றின. ஆயினும் 2024இல் அந்நாட்டின் ஐடஹோ மாநிலத்தில், சிறார்க்குத் தீங்கானவை எனக் கருதப்படும் நூல்களைத் தனியே பிரித்து வைக்க வேண்டும் என ஒரு சட்டம் வந்தபோது, டானலி என்னும் சிற்றூரின் நூலகம், பிரித்து வைக்க இடமின்றி, தன்னைப் பெரியவர்க்கு மட்டும் உரியதாக அறிவித்துக்கொண்டது. சிறுவர் உள்ளே வர வேண்டுமானால் பெற்றோர் எழுதித் தர வேண்டும் என்றாயிற்று. நம் ஊர்ப்புற நூலகங்களிலும் பல அவ்வாறே சிறியவை என்பதை நினைத்தால் இச்செய்தி தொலைவில் நடந்ததாகத் தோன்றவில்லை. நூலைப் பிரிக்க இடமில்லாத இடத்தில் பிள்ளைகளைப் பிரித்தார்கள்.

நாம் செய்யக்கூடியது என்ன? திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி வட்டாரங்களில் நம் குடும்பங்கள் பல தலைமுறைகளாகக் கல்வியறிவு பெற்றவை. ஆசிரியர்களாகப் பணியாற்றி ஓய்வு பெற்றோர் ஊர்தோறும் உள்ளனர். மரக்காணம் போன்ற ஊர்களின் நூலகங்களில், பெற்றோர் கையெழுத்திட இயலாத பிள்ளைகளுக்கு நாமே பிணையாளராக நிற்க முன்வரலாம். அதை ஏற்கும்படி மாவட்ட நூலக அலுவலரிடம் முறையாக விண்ணப்பிக்கலாம். காப்புத் தொகை பெருந்தொகை அன்று. ஒரு நூல் தொலைந்தால் அதன் விலையைத் தருவோம். சுருத பஞ்சமியன்று சுவடிக்குச் சார்த்தும் பட்டுத்துணியில் ஒரு முழம் குறைந்தால் குறையட்டும்.

இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அன்பர் ஒருவர் ஒரு கேள்வி எழுப்பினார். நாம் பிணை நின்ற குழந்தை, மீன் பிடிக்கும் முறை பற்றிய நூலை எடுத்துச் சென்றால் என்ன செய்வது? நம் கையெழுத்தின் கீழ் அல்லவா அந்நூல் போகிறது என்றார். கடற்கரையில் அது நடவாதது அன்று. நாம் பிணை நிற்பது நூல் திரும்பி வரும் என்பதற்கே. அதில் கூறியிருப்பதற்கு அன்று என்று நான் விடை சொன்னேன். அவர் முழுவதும் இசையவில்லை. அடுத்த முறை அந்தக் குழந்தை எதை எடுக்கும் என்று நம் இருவருக்கும் தெரியாது என்றேன். அதற்கு அவர் தலையசைத்துவிட்டு, விண்ணப்பத்தின் நகல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.