பதினொன்றாவது பெயர்

போன பொங்கலுக்குக் கச்சிராயபாளையம் பக்கம் நடந்த டென்னிஸ் பால் டோர்னமெண்டில் எங்கள் ஊர் டீமுக்கு ஜெர்சி எடுத்துக் கொடுத்தது நான். ஐ.டி.யில் இருப்பவனுக்கு ஊரில் மிச்சமிருக்கிற மரியாதை அதுதான். ஜெர்சிக்குக் காசு கொடுத்தவன் என்பதால் லிஸ்ட் எழுதும் பேனாவும் என் கைக்கு வந்தது. பத்துப் பெயர் சண்டையில்லாமல் முடிந்தது. பதினொன்றாவது இடத்துக்கு ரெண்டு பேர்.

ஒருத்தர், எங்கள் எல்லாருக்கும் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்த அண்ணன். வயது 44. கரும்பு லோடு ஏற்றி ஏற்றி முட்டி போய்விட்டது. ஒரு காலத்தில் சின்னசேலம், சங்கராபுரம் டீம்கள் "அவர் வர்றாரா?" என்று விசாரித்துவிட்டுத்தான் என்ட்ரி கட்டும். இன்னொருவன், வெள்ளிமலையிலிருந்து பைக்கில் இறங்கி வந்து எங்களோடு ஆடும் 19 வயசுப் பையன். மார்கழிப் பனியில் கல்வராயன் மலையின் வளைவுகளைத் தாண்டி, விறைத்த விரல்களோடு வந்து நின்று, முதல் பந்தையே பாய்ந்து பிடிப்பான்.

நான் அண்ணன் பெயரை எழுதினேன்.

அண்ணனுக்கும் தோனிக்கும் ஒரே வயது. எங்கள் ஊரில் இதைச் சொல்லாமல் யாரும் அவரைப் பற்றிப் பேச மாட்டார்கள். சென்னை சூப்பர் கிங்ஸ் தோனிக்குக் கொடுத்த தொகையைப் பாருங்கள்: 2018-இல் 15 கோடி, 2022-இல் 12 கோடி, 2025-க்கு வெறும் 4 கோடி. ஐந்து வருடமாக இந்தியாவுக்கு ஆடாதவரை 'அன்கேப்டு' ஆட்டக்காரராகக் கணக்கிடலாம் என்று, 2021-இல் கைவிடப்பட்ட விதி 2024-இல் திரும்பி வந்தது. இரண்டு உலகக் கோப்பை ஜெயித்த கேப்டன், இந்தியாவுக்கு ஆடாதவர் கணக்கில் சேர்ந்தார். வேடிக்கைதான், ஆனால் காசு விஷயத்தில் குறை சொல்ல முடியாது. மவுசு இருக்கும் அளவுக்கு 4 கோடி கொள்ளை மலிவு.

அமெரிக்க பேஸ்பாலில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஆல்பர்ட் புஹோல்ஸ் செயின்ட் லூயிஸ் அணிக்கு 11 வருடம் ஆடி இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2011 டிசம்பரில், 31 வயதில், ஏஞ்சல்ஸ் அணி அவரை 10 வருடத்துக்கு 24 கோடி டாலருக்கு எடுத்தது. அந்தக் காலம் முழுக்க ஏஞ்சல்ஸ் ஒரே ஒரு முறை பிளேஆஃப் போனது. 2014-இல். ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. 2021 மே மாதம், ஒப்பந்தம் முடியும் முன்பே அவரை விடுவித்தார்கள். முட்டாள்தனம் என்று எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே இளம் வயதில் சம்பளம் குறைவு, பேரம் பேசும் உரிமை வரவே பல வருடம் ஆகும். உடம்பு ஓடும்போது கொடுக்காததை, ஓயும்போது சேர்த்துக் கொடுக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், சாப்பிட்டது ஒரு வீடு, பில் கட்டியது வேறொரு வீடு.

இங்கேதான் என் கணக்கு இடறுகிறது. நன்றி என்பது கடன் என்றால், அதை அடைப்பது யார்?

சி.எஸ்.கே. செய்தது நன்றி என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 2022 ஏலத்தில் 'சின்னத் தல' ரெய்னாவுக்கு ஏன் ஒரு கைகூட உயரவில்லை? 2023 ஃபைனலில் முதல் பந்திலேயே தோனி அவுட். கடைசி ரெண்டு பந்தில் பத்து ரன் அடித்து ஐந்தாவது கோப்பையைக் கொடுத்தது ஜடேஜா. 2025 நவம்பரில் அவர் ராஜஸ்தானுக்கு டிரேடு ஆனார். ஒருத்தருக்கு மட்டும் பிறக்கிற நன்றிக்கு வியாபாரத்தில் வேறு பெயர் உண்டு. இதை எழுதும் நானும் மஞ்சள் சட்டைக்காரன்தான். 2025 மார்ச்சில் ஆர்.சி.பி.யிடம் சேப்பாக்கத்தில் தோற்ற அன்று, தோனி ஒன்பதாவதாக இறங்கினார். ஆட்டம் கைவிட்டுப் போய் வெகுநேரம் ஆகியிருந்தது. 16 பந்தில் 30 ரன். 50 ரன்னில் தோல்வி. அந்த சிக்ஸர்களுக்கு நான் எழுந்து நின்று கத்தினேன். அந்த வருடம் சி.எஸ்.கே. முதல் முறையாகக் கடைசி இடம்.

காசு கொஞ்சம் கூடக் குறைய ஆனால் முதலாளி பாடு. இடம் அப்படியில்லை. பதினொன்று பதினொன்றுதான். அண்ணனுக்கு நான் பட்ட கடனை என் சம்பளத்தில் அடைத்திருக்கலாம். முட்டிக்கு ஸ்கேன் எடுத்துக் கொடுத்திருக்கலாம், டீமுக்கு கோச் என்று உட்கார வைத்திருக்கலாம். அதற்கெல்லாம் அலைச்சல், செலவு. பெயர் எழுதுவதற்கு ஒரு பேனா போதும். எழுதும்போது எனக்குப் பெருந்தன்மையாக இருந்தது, அதுதான் இப்போது உறுத்துகிறது. அண்ணனுக்கு ஒரு கடனும் படாத பையன், அண்ணன் உச்சத்தில் ஆடியபோது பிறக்கவே இல்லாதவன், என் கடனை அடைத்தான்.

எதிர்ப்பக்கமும் யோசித்தேன். திறமை மட்டும்தான் அளவு என்றால் என் ஆபீஸ் மாதிரி ஆகிவிடும். அங்கே போன வருடம் நீ செய்தது போன வருடத்தோடு போச்சு. ஐம்பதைத் தொட்ட ஒருவர் உருவாக்கிய சிஸ்டத்தில்தான் நாங்கள் இன்னும் வேலை பார்க்கிறோம்; அவரை அனுப்பியது அரைமணி நேர வீடியோ காலில். நான் மியூட்டில் இருந்தேன். அப்படி ஒரு ஊர் டீமும் இருக்க வேண்டுமா?

மேட்ச்சில் தோற்றோம். அண்ணன் லாங் ஆனில் விட்ட கேட்ச் ஒரு காரணம், ஒரே காரணமில்லை. சாயங்காலம் பிரியாணிப் பொட்டலம் பிரிக்கும்போது அவர் என் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்தார்.

"ஏன்டா என் பேரை எழுதுன? அந்தப் பய பிடிச்சிருப்பான்ல."

"உங்களுக்காகத்தான்ணே."

"நான் கேட்டனா?"

பையன் அதற்குள் கிளம்பிவிட்டான். இருட்டினால் மலை ரோட்டில் ஏறுவது கஷ்டம். நான் எடுத்துக் கொடுத்த ஜெர்சி, கவர் பிரிக்காமல், சேர் மேலே இருந்தது.