சொல்லின்மேல் வைத்த பணயம்

சூது என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவன கவறும், சீட்டுக்கட்டும், குதிரைப் பந்தயத் திடலுமே ஆகும். இவற்றுள் எதுவும் இன்றி, ஒருவர் மேடையில் பேசுங்கால் அவர் வாயினின்றும் இன்ன சொல் வருமா, வாராதா என்று பணம் வைத்து ஆடும் ஒருவகைச் சூது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெருகியுள்ளது. பேச்சைக் கேட்பதிலும் சூது உண்டோ என வாசக அன்பர்கள் வியக்கக்கூடும். நாமும் இதனை முதன்முதல் கேள்வியுற்றபோது வியக்கவே செய்தோம். பின்னர் ஆராய்ந்து பார்த்ததில், பணத்தை இழப்பதனினும் பெரிய இழப்பொன்று இதில் இருப்பதாக நமக்குத் தோன்றியது. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2024 ஆம் ஆண்டு செப்டம்பர் 10 ஆம் நாள், பிலடெல்பியா நகரில், குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட டொனால்டு டிரம்பும் கமலா ஹாரிசும் நேருக்கு நேர் நின்று விவாதம் புரிந்தனர். விவாதத்திற்கு 90 நிமிடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அரங்கில் பார்வையாளர் இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவரின் ஒலிவாங்கி அணைக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 6 கோடியே 70 இலட்சம் பேர் தொலைக்காட்சி வாயிலாக அதனைக் கண்டனர். கண்டவர்களுள் ஒரு சாரார் கையில் பணயச் சீட்டும் இருந்தது. வெல்பவர் யார் என்பதோடு அவர்கள் நின்றாரல்லர். இன்ன சொல்லை இவர் உரைப்பாரா என்பதன்மேலும் பணம் வைத்தனர்.

இதன் நடைமுறை எளியது. ஒரு சொல்லுக்கு 'ஆம்' என்று ஒரு சீட்டும் 'இல்லை' என்று ஒரு சீட்டும் உண்டு. சீட்டின் விலை ஒரு டாலருக்கு உட்பட்டுச் சென்ட் கணக்கில் அமையும். 'ஆம்' சீட்டை 30 சென்ட் கொடுத்து வாங்கியவர், அச்சொல் ஒலித்துவிட்டால் ஒரு டாலர் பெறுவார். ஒலிக்காவிடில் கொடுத்த 30 சென்டையும் இழப்பார். விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே சீட்டின் விலை ஏறியும் இறங்கியும் வரும். கல்ஷி, பாலிமார்க்கெட் என்னும் நிறுவனங்கள் இவ்வணிகத்தில் பெயர்பெற்றவை. சூதாட்டம் என்ற பெயரை அவை விரும்புவதில்லை. ஒப்பந்தம் என்றே அழைக்கின்றன. உரிய பதிவின்றி நடத்தியமைக்காக 2022 ஆம் ஆண்டு சனவரியில் பாலிமார்க்கெட் 14 இலட்சம் டாலர் தண்டம் செலுத்த நேர்ந்தது. 2024 செப்டம்பரிலோ, தேர்தல் முடிவுகளின்மேல் ஒப்பந்தம் விற்பதைத் தடுக்க அரசு ஆணையத்திற்கு அதிகாரம் இல்லையென வாஷிங்டன் நீதிமன்றம் ஒன்று கல்ஷி நிறுவனத்தின் சார்பாகத் தீர்ப்பளித்தது.

அந்த ஆணையம், விளைபொருள்களின் முன்பேர வணிகத்தை மேற்பார்வையிடுவதற்கு ஏற்பட்டதாகும். முன்பேரத்தில் ஒரு நியாயம் உண்டு. மக்காச்சோளம் பயிரிடும் உழவர், அறுவடைக் காலத்தில் விலை வீழ்ந்துவிடுமோ என அஞ்சி, முன்னரே ஒரு விலைக்குப் பேசி வைத்துக்கொள்கிறார். அவர் தம் உழைப்பைக் காக்கிறார். ஒரு வேட்பாளர் ஒரு சொல்லைச் சொல்லாது விட்டால் யாருடைய களத்தில் நெல் நனைந்துவிடும்? காக்கப்படுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் காப்பு என்று கூறுவது பெயர் மாற்றமே என்பது நம் கருத்து. இதைப்பற்றி மிகுதியாக உரைக்க வேண்டுவதில்லை.

நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது இப்பணயங்களின் விதிமுறையே. குறித்த சொல் எந்தச் சூழலில், எந்தப் பொருளில் வந்தாலும் கணக்கில் சேரும் என்று விதி எழுதப்படுவது வழக்கம். பன்மையில் வந்தால் சேருமா, கூட்டுச்சொல்லின் உறுப்பாக வந்தால் சேருமா என்றெல்லாம் நுணுக்கமாக வரையறுப்பார்கள். ஆனால், ஒரு கொள்கையை ஆதரித்துச் சொன்னாரா, மறுத்துச் சொன்னாரா, எள்ளி நகையாடினாரா என்பது பற்றிக் கவலை இல்லை. "வரியைக் குறைப்பேன்" என்றாலும் "வரியைக் குறைக்கவே மாட்டேன்" என்றாலும் 'வரி' வந்துவிட்டது; பணம் கைமாறிவிடும். சொல்லும் பொருளும் பிரியா என்று ஆயுள் முழுதும் வகுப்பறையில் கற்பித்து வந்த நமக்கு, பொருளை நீக்கிவிட்டு ஓசையை மட்டும் விலை பேசும் இவ்விதி வியப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தந்தது.

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் கண்ட ஒன்று நினைவுக்கு வருகிறது. பயிற்சி மாணவியர் ஒருவர் பாடம் நடத்த, மற்றவர் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பேட்டில் குறிப்பெழுத வேண்டும் என்பது ஏற்பாடு. பாடம் நடத்திய மாணவிக்கு 'அதாவது' என்று அடிக்கடி கூறும் வழக்கம் இருந்தது. பின்வரிசையில் இருவர் அது 40-ஐத் தாண்டும், தாண்டாது என்று புளியங்கொட்டைகளைப் பணயமாக வைத்துக் கோடு கிழித்து எண்ணிக் கொண்டிருந்தனர். பாட இறுதியில் மேற்பார்வையாளர் அம்மையார் அவ்விருவரையும் எழுப்பி, இன்றைய பாடத்தில் பிள்ளைகளுக்கு விளங்காத பகுதி எது என்று வினவினார். எண்ணிக்கையைத் துல்லியமாகச் சொல்லவல்ல அவர்களால், பாடம் ஆற்றைப் பற்றியதா மலையைப் பற்றியதா என்று கூடச் சொல்ல இயலவில்லை. அவர்கள் காது திறந்தே இருந்தது. ஓர் எழுத்தையும் தவற விடவில்லை. ஆயினும் ஒன்றையும் கேட்டாரல்லர். அங்குப் போனது புளியங்கொட்டையும் ஒரு நாட்பாடமும் மட்டுமே. நாட்டை ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்புடைய குடிமக்கள் அவ்வாறு அமர்ந்து எண்ணுவதை அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியுமா?

அதே பிலடெல்பியா விவாதத்தில் டிரம்ப், ஓகையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் குடியேறியவர்கள் அயலாரின் நாய்களையும் பூனைகளையும் பிடித்துத் தின்கிறார்கள் என்று கூறினார். அதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் இல்லை என்று அந்நகர அலுவலர்கள் தெரிவித்தனர். இரண்டே நாளில், செப்டம்பர் 12 ஆம் நாள், அந்நகருக்கு வெடிகுண்டு மிரட்டல்கள் வரத் தொடங்கின. நகர மன்றக் கட்டடம் காலி செய்யப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் வகுப்பினின்று வெளியேற்றப்பட்டனர். மிரட்டல்கள் யாவும் பொய் எனப் பின்னர்த் தெரிந்தது. ஆயினும் எய்ட்டி நாட்டினின்று வந்து பிழைக்கும் குடும்பத்தாரின் அச்சம் பொய்யன்று.

இத்தகைய கொடுஞ்சொல் ஒன்றின்மேல் 'ஆம்' சீட்டு வாங்கி அமர்ந்திருக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அச்சொல் வருமா என்று அவர் ஏங்குகிறார். வந்துவிட்டால் மகிழ்கிறார். அவர் அக்குடும்பத்தாருக்குப் பகைவர் அல்லர். அவர்களை அறியவும் மாட்டார். இருப்பினும் அவர்களுக்குத் தீங்கு விளைக்கும் சொல் பிறக்க வேண்டும் என்று விரும்பும் இடத்தில் 30 சென்ட் அவரைக் கொண்டு நிறுத்திவிட்டது. நம் சாவகர் ஒழுக்கத்தில் சூது ஏழு வியசனங்களுள் ஒன்றாக விலக்கப்பட்டிருப்பதை யாவரும் அறிவர். அநர்த்ததண்ட விரதம் என்னும் குணவிரதமோ இன்னும் நுட்பமானது. தமக்கு எப்பயனும் இன்றி ஒருவர் ஈட்டிக்கொள்ளும் தீவினைகளை அது ஐந்தாக வகுக்கிறது. பிறருக்குக் கேடு நினைத்தலாகிய அபத்தியானமும், மனத்தைக் கலக்குவன கேட்டலாகிய துச்சுருதியும் அவ்வைந்தனுள் அடங்கும். கேட்பதிலும் ஒரு நோன்பு உண்டு என்று வகுத்த பெரியோர் இப்புதிய சூதை அறியார். ஆனால் மனித மனத்தை நன்கு அறிந்திருந்தனர்.

கேட்பவர் நிலை இது. சொல்பவர் நிலை என்னவாகும்? குதிரைக்குத் தன்மேல் பணயம் இருப்பது தெரியாது. பேச்சாளருக்குத் தெரியும். 2010 ஆம் ஆண்டு ஆகஸ்டில் லண்டன் லார்ட்ஸ் திடலில் பாகிஸ்தான் பந்துவீச்சாளர் இருவர், முன்னரே பேசிவைத்த பந்துகளைக் கோட்டைத் தாண்டி 'நோ பால்' ஆக வீசினர். மறு ஆண்டு நவம்பரில் அவ்விருவரும் அணித்தலைவரும் சிறைத்தண்டனை பெற்றனர். கோட்டைத் தாண்டிய காலை நடுவர் காணலாம். சொல்லுக்குக் கோடு எங்கே இருக்கிறது? 2025 ஆம் ஆண்டு அக்டோபர் 30 ஆம் நாள், மெய்நிகர் நாணய வணிகம் புரியும் காயின்பேஸ் நிறுவனத்தின் தலைவர் பிரையன் ஆர்ம்ஸ்ட்ராங், காலாண்டுக் கணக்கு விளக்கக் கூட்டத்தை முடிக்குமுன், தாம் என்னென்ன சொற்களைச் சொல்வார் என்று நடக்கும் பணயத்தைக் கவனித்து வந்ததாகக் கூறி, பிட்காயின், எத்தீரியம், பிளாக்செயின் முதலிய சொற்களை வரிசையாக ஒப்புவித்தார். ஏறத்தாழ 84,000 டாலர் பணயம் அதனால் தீர்ந்தது. அவர் அதனை விளையாட்டாகவே செய்தார். எனினும் ஒரு சொல்லை அதன் பொருளுக்காக அன்றிப் பணயம் தீர்ப்பதற்காகவே ஒரு தலைவர் சொல்ல முடியும் என்பதை அவரே காட்டிவிட்டார்.

பேச்சை எழுதித் தருபவர், உடன் பயில்பவர், செயலாளர் எனப் பலருக்கு வேட்பாளர் சொல்லப்போவது முன்கூட்டியே தெரியும். இங்கிலாந்தில் 2024 ஆம் ஆண்டுத் தேர்தல் நாள் மே 22 ஆம் தேதி அறிவிக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்னதாக, பிரதமரின் நாடாளுமன்றச் செயலாளராக இருந்த கிரெய்க் வில்லியம்ஸ், தேர்தல் சூலையில் நடக்கும் என்று 100 பவுன் பணயம் வைத்தது பெரும் புயலைக் கிளப்பிற்று. தேதியாயினும் அது ஒன்றே. சொற்களோ ஆயிரம்.

வெளிநாட்டில் கணினித் துறையில் பணிபுரியும் நம் உறவினர் பிள்ளை ஒருவரிடம் இவற்றைக் கூறினோம். "ஐந்து டாலர்தானே பாட்டி, காபிக் காசு. பலர் பணம் வைக்கும்போது எது நடக்கும் என்பதும் ஓரளவு தெரிந்துவிடுகிறதே" என்றார். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. அயோவா பல்கலைக்கழகத்தில் 1988 முதல் சிறு தொகைகளைக் கொண்டு தேர்தல் முடிவுகளை முன்கணிக்கும் ஆராய்ச்சி நடந்து வந்துள்ளது. அதனால் கல்விக்குப் பயனும் விளைந்தது. ஒரு தேர்தலில் வெல்பவர் யார் என அறிய விரும்புபவர், மக்களின் துன்பம் என்ன, யார் சொல்வது ஏற்புடையது என்று சிறிதேனும் எண்ணிப்பார்க்க வேண்டியுள்ளது. ஒரு சொல் ஒலிக்குமா என்று முன்கூட்டி அறிந்து எவர் என்ன செய்யப் போகிறார்? காபிக் காசைப் பற்றி நாம் அவரோடு வாதிடவில்லை. அந்த 90 நிமிடத்தில் மருத்துவச் செலவைப் பற்றி அவ்விருவரும் என்ன சொன்னார்கள் என்று மட்டும் கேட்டோம். பதிலுக்கு அவர் சிரித்துவிட்டு, பதிவை மீண்டும் போட்டுப் பார்க்கிறேன் என்றார்.

அதே நாட்டில் 1858 ஆம் ஆண்டு, இல்லினாய் மாநிலத்து ஏழு ஊர்களில் ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளசும் அடிமை முறையைப் பற்றி விவாதித்தனர். ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம். முதலில் ஒருவர் ஒரு மணி, மற்றவர் ஒன்றரை மணி, மீண்டும் முதலாமவர் அரை மணி. திறந்த வெளியில் ஆயிரக்கணக்கானோர் நின்று கேட்டனர். தேர்தல் பணயம் அக்காலத்திலும் அந்நாட்டில் இருந்தது. கேட்டவர் யாவரும் அறவோர் என நாம் கூறவில்லை. சுருக்கெழுத்தாளர்கள் முழுவதையும் எழுதியெடுக்க, நாளிதழ்கள் அச்சிட்டன. எங்கள் தலைவர் சொன்னதைத் திரித்துவிட்டாய் என்று இரு கட்சி இதழ்களும் ஒன்றையொன்று சாடிக்கொண்டன. அந்தச் செனட் பதவி லிங்கனுக்குக் கிட்டவில்லை. அவர் அவ்விதழ்ப் பக்கங்களை வெட்டி ஒரு குறிப்பேட்டில் ஒட்டி வைத்திருந்தார். 1860 இல் அவை நூலாக வெளிவந்தன.