ஒரு குழம்பு போதும்

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும் அவசரத்தில் என் மூத்த மகளை அடித்துவிட்டேன். காரணம் ஒரு ரிப்பன். இரட்டைச் சடை போட்டு ஒரு பக்கம் வெள்ளை ரிப்பன் கட்டியாகிவிட்டது. இன்னொன்றைச் சின்னவன் எங்கேயோ இழுத்துப் போட்டுவிட்டான். “ஒரு ரிப்பன் போதும்மா” என்றாள் அவள். அடுப்பில் குக்கர் கத்துகிறது, குழாயில் தண்ணீர் நிற்கப் போகிறது, வெளியே கணவர் வண்டியில் உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறார். கை தானாகப் போய்விட்டது. ஆறு வயதுக் குழந்தை. அழக்கூட இல்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் வாசகம் முடிந்திருந்தது. சின்னவன் உள்ளே உட்கார மாட்டான் என்பதால் வழக்கம்போல வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். கைக்குழந்தைக்காரிகள் நாலைந்து பேர் எப்போதும் அங்கேதான் நிற்போம். ஒலிபெருக்கியில் கேட்பதுதான் எங்களுக்குப் பூசை. அன்று 2025 ஜூலை 20, பொதுக்காலம் 16ஆம் ஞாயிறு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அந்த ஞாயிறன்று லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்திலிருந்து மார்த்தா, மரியா கதையை வாசிப்பார்கள்.

கதை சின்னது. இயேசு ஒரு வீட்டுக்கு வருகிறார். அக்கா மார்த்தா பரபரவென்று பணிவிடை செய்கிறாள். தங்கை மரியா அவர் காலடியில் உட்கார்ந்து பேச்சைக் கேட்கிறாள். மார்த்தா நேராக விருந்தாளியிடமே வந்து முறையிடுகிறாள்: இவள் என்னைத் தனியாக விட்டுவிட்டாளே, உங்களுக்குக் கவலையில்லையா, வந்து உதவச் சொல்லுங்கள். அவரோ, நீ பலதையும் நினைத்துக் கலங்குகிறாய், தேவையானது ஒன்றே, மரியா நல்ல பங்கைத் தேர்ந்துகொண்டாள் என்கிறார். அவ்வளவுதான். அதன்பிறகு அந்த வீட்டில் யார் சோறு வடித்தார்கள் என்று லூக்கா எழுதவில்லை.

கிறிஸ்தவப் பெண்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் முள் மாதிரி. ஃபாதருக்கும் அது தெரியும் போல. பிரசங்கத்தில் எங்களைத் தேற்றினார். தாய்மார்கள் மனம் வருந்த வேண்டாம், நீங்கள் அடுப்படியில் செய்வதும் ஜெபம்தான் என்றார். மரத்தடியில் நின்ற எங்களில் ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் இதமாகத்தான் இருந்தது.

மத்தியானம் சாப்பிடும்போது கணவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “பாத்தியா, ஃபாதரே சொல்லிட்டார். நீ செய்யறது எல்லாமே ஜெபம்தான்.” சொல்லிவிட்டு ரசத்துக்குத் தட்டை நீட்டினார். காலையில் இதமாக இருந்த அதே வாக்கியம் இப்போது தொண்டையில் சிக்கியது. ஒரே வாக்கியம்தானே, ஏன் இப்படி மாறிப்போனது? எல்லாமே ஜெபம் என்றால், காலையில் நான் கொடுத்த அறையும் ஜெபமா?

*

முதலில் என் பக்கத்தை நேர்மையாகப் பார்த்துவிடுகிறேன். ஐந்து மணிக்கு எழுகிறேன். ராத்திரி அவர் ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வந்து கழற்றிப் போட்ட யூனிஃபார்ம், பால், இரண்டு டிபன் பாக்ஸ், மாமியாருக்குக் களி, சின்னவனின் ஈரத்துணி, அதன்பிறகு என் வேலைக்கான பஸ். இதற்கு நடுவே ஜெபமாலை சொல்லிப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது மணியிலேயே ‘ம்மா’ என்று ஒரு குரல் வரும். திரும்பி வரும்போது எத்தனையாவது மணி என்று மறந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து. இந்தக் காலைகளை ஜெபம் என்று சொன்னால் ஜெபம் என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும். அந்நேரத்தில் என் மனதில் இருப்பது கடவுள் இல்லை, கடிகாரம்.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல், முழுமையான கவனம்தான் ஜெபத்தின் சாரம் என்று எழுதியவர். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால் எனக்கும் சில நேரங்கள் உண்டு. போன மழைக்காலத்தில் சின்னவனுக்கு ராத்திரி முழுக்கக் காய்ச்சல். ஈரத்துணியை நெற்றியில் போடுவது, எடுப்பது, நனைப்பது. விடியும்வரை வேறு ஒரு நினைப்பும் இல்லை. வாய் எதையும் முணுமுணுக்கவில்லை. ஆனால் அன்று நான் இருந்த மாதிரி எந்தப் பூசையிலும் இருந்ததில்லை. அதை ஜெபம் என்றால் ஒத்துக்கொள்கிறேன்.

ஆக, வீட்டு வேலை ஜெபமாகலாம். சில வேளைகளில் ஆகிறது. எல்லா வேளையும் ஆவதில்லை. இந்த வித்தியாசத்தை அழித்துவிடும் ஆறுதல் எனக்கு வேண்டாம். ஏனென்றால் அது என் அறையையும் சேர்த்துப் புனிதமாக்கிவிடும். நான் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கவேண்டிய இடத்தில் எனக்கு ஒரு ஒளிவட்டத்தை மாட்டிவிடும்.

*

‘வேலையே ஜெபம்’ என்ற எண்ணத்துக்குக் கத்தோலிக்க மரபில் நல்ல வேர் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்தில் லாரன்ஸ் என்றொரு சகோதரர் இருந்தார். பல வருடம் சமையலறையில்தான் வேலை. அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. ஆனாலும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவில் தனக்குக் கிடைத்த அமைதி, நற்கருணை முன் முழந்தாளிடும்போது கிடைப்பதற்குக் குறைந்ததில்லை என்று சொன்னார். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பு ஸ்பெயினில் அவிலா தெரசா தன் சகோதரிகளிடம், சமையலறையில் வேலை வந்தால் கவலைப்படாதீர்கள், சட்டிப்பானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்றார்.

இவர்கள் சொன்னால் எனக்கு உறுத்துவதில்லை. ஏன் என்று யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. லாரன்ஸ் தன் கையைப் பற்றிச் சொன்னார். தெரசா மற்றவர்களிடம் சொன்னார், சரி. ஆனால் அவர் தன் மடங்களுக்கு எழுதிய ஒழுங்குமுறையில், பெருக்கும் முறைக்கான பட்டியலில் முதல் பெயர் மடத்துத் தலைவியுடையதாக இருக்கவேண்டும் என்று வைத்தார். துடைப்பத்தைக் கையில் எடுத்தவர் சொன்ன வார்த்தை அது.

‘என் வேலை எனக்கு ஜெபமாகிறது’ என்று செய்பவர் சொன்னால் அது சாட்சியம். ‘உன் வேலை ஜெபம்’ என்று அந்த வேலையின் பலனைச் சாப்பிடுகிறவர் சொன்னால், அது கடனை வேறொருவர் கணக்கில் எழுதுவது. நான் கொடுக்கவேண்டியதைக் கடவுள் கொடுத்துக்கொள்வார் என்று கைகழுவுவது. வார்த்தை ஒன்றுதான். யார் வாயிலிருந்து வருகிறது என்பதில் அதன் நியாயம் மாறிவிடுகிறது. கிறிஸ்தவர்கள் மட்டும் செய்யும் காரியமில்லை இது. தாய்மை தெய்வீகம் என்று எல்லா மதத்திலும் சொல்கிறார்கள். பெரும்பாலும் தட்டை நீட்டிக்கொண்டேதான் சொல்கிறார்கள்.

2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வு ஒரு கணக்குச் சொல்கிறது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவழிப்பது நாளுக்குச் சராசரி 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். அதுவும், அந்த வேலையில் கைவைக்கும் ஆண்களே நூற்றுக்குச் சுமார் 26 பேர்தான். ஜெபம் என்று பெயர் வைத்த பிறகும் இந்த 299 குறைவதில்லை.

*

எங்கள் தருமபுரி மாவட்டத்துக்கு இந்த விஷயத்தில் ஒரு சின்ன வரலாறு இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அரசுத் திட்டமாக முதலில் தொடங்கியது இங்கேதான், 1989இல். கிருஷ்ணகிரி அப்போது எங்கள் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. பிறகு 2023 ஜூலை 24 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்ப முகாமை முதலமைச்சர் தொடங்கிவைத்ததும் இந்த மாவட்டத்துத் தொப்பூரில். அந்த செப்டம்பர் 15இலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் போகத் தொடங்கியது. அதை ‘உதவி’ என்று சொல்லாமல் ‘உரிமை’ என்று பெயர் வைத்தது எனக்குப் பிடித்திருந்தது. உதவி என்றால் கொடுப்பவர் பெரியவர். உரிமை என்றால் கடன்பட்டவர் ஒருவர் இருக்கிறார் என்று பொருள்.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் சிரிப்பு வரும். நாளுக்கு 33 ரூபாய். மேலே சொன்ன 299 நிமிடத்துக்குப் பிரித்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. இதைக் கூலி என்று யாரும் சொல்லமுடியாது. வேலை நடக்கிறது என்பதை ஒத்துக்கொண்டதற்கான ரசீது என்று வேண்டுமானால் சொல்லலாம். ரசீதும் முக்கியம்தான்.

என் மாமியாருக்கு அந்தப் பணம் வருகிறது. அவரிடம் ஒருநாள் கேட்டேன்: “அத்தை, உங்க வாழ்க்கைல உங்க வேலைய நெஜமாவே கொறச்சது எது?” உரிமைத் தொகை என்பார் என்று நினைத்தேன். யோசிக்கவே இல்லை. “கொழாதான் கண்ணு” என்றார்.

இந்த மாவட்டத்தின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அவர் பல்லில் இன்னும் பழுப்புக் கறை இருக்கிறது. முட்டிவலிக்கும் அந்தத் தண்ணியைத்தான் திட்டுவார். நல்ல தண்ணீருக்கு நடையோ நடை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் பயன்பாட்டுக்கு வந்து, காவிரித் தண்ணீர் ஊருக்குள் வந்தது. “அப்பல்லாம் ஜெபம் பண்ண எங்க நேரம்? கொடத்த எடுத்தா பொழுது போச்சு. கொழா வந்தப்புறம்தான் சாயங்காலம் நாலு பொம்பளைங்க சேந்து ஜெபமால சொல்ல ஒக்காந்தோம்.”

ஒரு குழாய் செய்த வேலையை எந்தப் பிரசங்கமும் செய்யவில்லை. குடம் சுமப்பது ஜெபம் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, குடத்தை இறக்கிவைக்கத்தான் வழி செய்தார்கள். ஜெபம் அதற்குப் பிறகு தானாக வந்தது.

*

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். எல்லாவற்றையும் நிமிடமாகவும் ரூபாயாகவும் எண்ண ஆரம்பித்தால் அன்பு என்னாகும்? காய்ச்சல் ராத்திரிக்கும் பில் போடுவாயா?

மாட்டேன். அந்த ராத்திரியை யாருக்கும் பங்குபோட்டுக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் அந்த ராத்திரி இருந்த மாதிரி பிள்ளைகளிடம் நான் பகலிலும் இருக்கவேண்டுமென்றால், நடுவில் இருக்கும் முப்பது வேலைகளில் பாதி என் தலையைவிட்டு இறங்கவேண்டும். அளந்து பார்ப்பது அன்பைக் குறைப்பதற்கில்லை. அளக்கவே முடியாத அந்தக் கொஞ்சத்துக்கு இடம் ஒழித்துக் கொடுப்பதற்கு.

இந்த இடத்தில்தான் லூக்காவின் கதையை மறுபடி படித்தேன். பழைய கைப்பிரதிகள் சிலவற்றில் இயேசுவின் பதில் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறது. தேவையானவை சில, அல்லது ஒன்றுதான் என்கிற பொருளில். இதை வைத்து, அவர் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினார் என்று படிப்பவர்களும் உண்டு. இத்தனை வகை எதுக்கு மார்த்தா, ஒன்று போதும். அறிஞர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட வாசிப்பில்லை இது. ஆனால் சமையலறையிலிருந்து கேட்டால் எனக்கு அப்படித்தான் கேட்கிறது. விருந்தாளி தன் தேவையைக் குறைத்துக்கொள்கிறார். ‘உன் சமையல் ஜெபம்’ என்று சொல்லிவிட்டு ஏழு கறி சாப்பிடவில்லை. ஒரு குழம்பு போதும், நீயும் வந்து உட்கார் என்கிறார்.

மார்த்தாவின் புகாரையும் கவனிக்கவேண்டும். வேலை கஷ்டம் என்று அவள் சொல்லவே இல்லை. தனியாக விட்டுவிட்டாள் என்பதுதான் அவள் குறை.

யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில் இன்னொரு காட்சி. உயிர்த்த இயேசு கடற்கரையில் நிற்கிறார். சீடர்கள் ராத்திரி முழுக்க வலைவீசிக் களைத்து விடியற்காலையில் கரைக்கு வருகிறார்கள். அங்கே கரிநெருப்பில் மீன் வெந்துகொண்டிருக்கிறது, பக்கத்தில் அப்பம். வந்து சாப்பிடுங்கள் என்று கூப்பிடுகிறார். உங்கள் உழைப்பு புனிதமானது என்று அவர் பிரசங்கம் வைக்கவில்லை. அவர்களுக்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டியிருந்தார்.

*

அன்று மத்தியானம் ரசத்துக்கு நீண்ட தட்டில் ரசம் ஊற்றினேன். ஊற்றிவிட்டு, “அப்ப இன்னிக்குப் பாத்திரம் கழுவற ஜெபத்த நீங்க பண்ணுங்க” என்றேன். முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் எழுந்துபோனார். மாமியார் எதையும் காணாதது மாதிரி சின்னவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அவர் கழுவிய பாத்திரத்தில் சோப்பு நுரை அப்படியே இருந்தது. குழம்புச் சட்டியின் அடியில் பிசுக்கு. மறுபடி எடுத்துக் கழுவக் கை பரபரத்தது. அப்போதுதான் என் பங்கும் உறைத்தது. காலையில் என் மகள் ‘ஒரு ரிப்பன் போதும்’ என்றாள். இரண்டு வேண்டும் என்றது யார்? அவளில்லை, கோயிலில் பார்க்கப்போகும் கண்கள். அந்தக் கண்களுக்காக நான். என் மேல் சுமத்தப்பட்டது பாதி என்றால், நானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டது கொஞ்சமாவது இருக்கிறது. மார்த்தாவிடம் சொன்னதில் அந்தக் கொஞ்சத்துக்கும் பதில் இருக்கிறது.

சட்டியை அப்படியே விட்டுவிட்டு மகளிடம் போனேன். ஒற்றை ரிப்பனை அவள் இன்னும் அவிழ்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, “காலைல அம்மா அடிச்சது தப்பு கண்ணு” என்றேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இன்னொரு ரிப்பன் கட்டிலுக்கு அடியில இருக்கும்மா, நான் அப்பவே பாத்தேன்” என்றாள்.

எடுத்துத் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.