ஆட்டம் வேண்டும், ஆடியவள்?

1838இல் புதுச்சேரிப் பகுதியிலிருந்து கப்பலேறிப் போன ஐந்து தேவதாசிகள் பாரிஸின் வரியேத்தே அரங்கில் ஆடினார்கள். அவர்களில் ஒருத்தி அமனி. பிரெஞ்சுக்காரர்கள் அப்படித்தான் எழுதிவைத்தார்கள். அவள் அழகை வியந்து எழுதிய கவிஞர் தெயோஃபில் கோத்தியேதான், 1858இல் பாரிஸ் ஓப்பெராவில் அரங்கேறிய ‘சகுந்தலா’ பாலேவுக்கும் கதை எழுதினார். 1877இல் ரஷ்யாவில் மரியுஸ் பெத்திபா ‘லா பயாதேர்’ பாலேவை அமைத்தார். நாயகி நிக்கியா கோயிலில் ஆடுபவள். பூக்கூடைப் பாம்பு கடித்துச் சாகிறாள். மின்குஸ் அமைத்த இசையோ முழுக்க ஐரோப்பிய வாத்திய இசை. நட்டுவாங்கத்துக்கு அதில் வேலையில்லை.

கலை கடன் வாங்குவது தவறில்லை. ஆனால் ஒருத்தியை வியப்பதும் மதிப்பதும் ஒன்றா? வியப்பவருக்கு அவள் உருவம் போதும். மதிப்பவர் அவள் பேச்சைக் கேட்க வேண்டும், கூலியை ஒழுங்காகக் கொடுக்க வேண்டும், பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

பாரிஸை மட்டும் குறைசொல்லி நாம் தப்ப முடியாது. 1947இல் சென்னை மாகாணம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது, அது நியாயம். ஆனால் சதிர் பரதநாட்டியமாகி மற்ற வீட்டுப் பெண்களின் பெருமையானபோது, பரம்பரையாக ஆடிவந்த பலர் சலங்கையைக் கழற்ற நேர்ந்தது. மேடையில் செத்த நிக்கியா திரை விழுந்தபின் எழுந்துவந்து கைதட்டல் வாங்குவாள். இவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை.